கார்டு எங்கே போகிறது? ஜாஸ் பேலட்டைப் பிரித்துப் படிக்கும் முறை

நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் வாசிக்கப்படும் ஜாஸ் பேலட்டில், நான்கு தட்டு கொண்ட ஒரு பார் 4 விநாடி நீள்கிறது. அந்தப் பாரில் இரண்டு கார்டுகள், அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரத் தொகுதிகள், இருந்தால் ஒவ்வொன்றும் 2 விநாடி ஒலிக்கும். அதே பாட்டை 240 தட்டு வேகத்தில் வாசித்தால் ஒரு கார்டுக்குக் கிடைப்பது அரை விநாடிதான். வேகப் பாட்டில் பொருந்தாத ஸ்வரம் ஒன்று விழுந்தால், அடுத்த ஸ்வரம் வந்து அதை மூடிவிடும். பேலட்டில் அது நின்று ஒலிக்கும். பொருத்தமான ஸ்வரமும் அதே அளவு நின்று ஒலிக்கும் என்பதுதான் இந்த வடிவத்தின் கவர்ச்சி. மெதுவான பாட்டு வாசிப்பதற்கு எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். விரலுக்கு அது எளிதுதான். காதுக்கும் அறிவுக்கும் எளிதல்ல.

பேலட்டுகளில் பெரும்பாலானவை 1920 முதல் 1950 வரையான ஆண்டுகளில் நியூயார்க்கின் பிராட்வே மேடைகளுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட பாடல்கள். வழக்கமான அளவு 32 பார். எட்டு பார் கொண்ட ஒரு பகுதி (ஏ) இருமுறை வரும். பிறகு வேறொரு எட்டு பார் (பிரிட்ஜ்), அதன்பின் மீண்டும் ஏ. ஒரு முழுச் சுற்றுக்குக் கோரஸ் என்று பெயர். கலைஞரின் கையில் இருப்பது லீட் ஷீட் எனப்படும் ஒற்றைத் தாள்: மேலே மெட்டு, அதன் தலைமேல் கார்டுகளின் பெயர்கள். மெட்டை ஒருமுறை வாசித்த பிறகு, அந்தக் கார்டுகளின் மேல் புது மெட்டு ஒன்றை அந்த நொடியிலேயே கட்டுவதுதான் ஜாஸின் மனோதர்மம்.

ஒரு கோரஸில் ஐம்பது, அறுபது கார்டுகள் இருக்கலாம். கற்கத் தொடங்குபவர் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு ஸ்கேல் (ஸ்வர வரிசை) தேடுகிறார். அப்படித் தேடினால் வாசிப்பு துண்டு துண்டாகத்தான் வரும். ஒவ்வொரு கார்டும் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. எந்த ஸ்கேல் என்பது அதற்குப் பிறகுதான். சேருமிடங்களைக் கண்டுபிடித்துவிட்டால் அறுபது கார்டுகள் ஏழெட்டுப் பயணங்களாகச் சுருங்கிவிடும். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் சொல்லைச் சொல்லாகவே பார்த்துப் படிப்பவருக்கும் உள்ள வேறுபாடு இது.

கார்டு ஏன் ‘போகிறது’ என்பதற்கு ஒலியியலில் பாதி விடை உண்டு. ஜாஸில் அடிப்படைக் கார்டு நான்கு ஸ்வரங்களால் ஆனது: ஆதார ஸ்வரம், அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது. ஆதார ஸ்வரத்தைப் பேஸ் கலைஞர் வாசித்துவிடுகிறார். ஐந்தாம் ஸ்வரம் பெரும்பாலான கார்டுகளில் ஒரே இடைவெளியில் இருப்பதால் புதிதாக எதையும் சொல்வதில்லை. மேஜர் 7, மைனர் 7, டாமினன்ட் 7 ஆகிய மூன்று வகைகளையும் பிரித்துக்காட்டுபவை மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களே. ஜாஸ் கலைஞர்கள் இவ்விரண்டையும் கைடு டோன், அதாவது வழிகாட்டி ஸ்வரம், என்கிறார்கள்.

ஜி7 என்ற டாமினன்ட் கார்டை எடுத்துக்கொள்ளலாம். ஜி, பி, டி, எஃப் ஆகிய நான்கும் அதில் உள்ளன. வழிகாட்டிகள் பி, எஃப். பியானோவின் நடுப்பகுதியில் எஃப் ஸ்வரத்தின் அதிர்வெண் சுமார் 349 ஹெர்ட்ஸ். அதற்கு மேலுள்ள பி சுமார் 494 ஹெர்ட்ஸ். விகிதம் 1.414, இரண்டின் வர்க்கமூலம். இந்த இடைவெளிக்கு டிரைடோன் என்று பெயர். பன்னிரண்டு செமிடோன்கள் கொண்ட ஆக்டேவை அது சரிபாதியாக, ஆறும் ஆறுமாக, வெட்டுகிறது. 3:2 போன்ற சிறிய முழு எண் விகிதத்தில் அமைந்த இரு ஸ்வரங்களின் மேலோசைகள் பலவும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. டிரைடோனில் அவை பொருந்தாமல் நெருங்கி நெருங்கி நின்று உராய்கின்றன. இந்த உராய்வை 1863இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் அளவிட்டு விளக்கினார். ஜி7இலிருந்து சி கார்டுக்குப் போகும்போது பி ஒரு செமிடோன் மேலேறி சி ஆகிறது. எஃப் ஒரு செமிடோன் இறங்கி ஈ ஆகிறது. மிகக் குறைந்த நகர்வில் உராய்வு தீர்ந்துவிடுகிறது.

மீதிப் பாதி பழக்கம். ப்ளூஸ் இசையில் இதே டாமினன்ட் 7 கார்டு தொடக்கத்திலும் முடிவிலும் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. எங்கும் போகத் துடிப்பதில்லை. உராய்வு அங்கேயும் அதேதான். கேட்பவரின் எதிர்பார்ப்புதான் வேறு. இசையில் உணர்ச்சி என்பது எதிர்பார்ப்பைத் தூண்டுவதிலும், தாமதிப்பதிலும், மாற்றுவதிலும் பிறக்கிறது என்று லெனர்ட் மேயர் 1956இல் எழுதிய நூலில் வாதிட்டார். பேலட்டின் மெதுவான ஓட்டம் அந்தத் தாமதத்துக்குத் தாராளமாக இடம் தருகிறது.

ஜாஸ் பேலட்டில் மிக அதிகமாக வரும் பயணம் ‘டூ–ஃபைவ்–ஒன்’. ஸ்கேலின் இரண்டாம் ஸ்வரத்தின் மேல் ஒரு மைனர் 7, ஐந்தாம் ஸ்வரத்தின் மேல் டாமினன்ட் 7, பிறகு ஆதார கார்டு. சி மேஜரில் இது டி மைனர் 7, ஜி7, சி மேஜர் 7. பேஸில் ஆதார ஸ்வரங்கள் டி, ஜி, சி என்று தாவுகின்றன. மேலே நடப்பதோ வேறு. டி மைனர் 7இன் வழிகாட்டிகள் எஃப், சி. ஜி7க்கு வரும்போது எஃப் அசையாமல் நிற்கிறது. சி மட்டும் பி ஆக இறங்குகிறது. சி மேஜர் 7க்கு வரும்போது பி அசையாமல் நிற்கிறது; எஃப் மட்டும் ஈ ஆக இறங்குகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு குரல் நிற்க, மற்றது ஒரு செமிடோன் இறங்குகிறது. இந்த இரண்டு இழைகளைப் பாடத் தெரிந்தவருக்குக் கார்டுகளின் எலும்புக்கூடு தெரிந்துவிட்டது.

எரால் கார்னர் 1954இல் அமைத்த ‘மிஸ்டி’யின் முதல் எட்டு பார்கள் இந்தப் பார்வையைப் பயில நல்ல களம். ஆதார சுருதி ஈ ஃபிளாட் மேஜர். முதல் பார் ஆதார கார்டு. மெட்டு அங்கே நீண்டு நிற்கும் ஸ்வரம் டி, அதாவது அந்தக் கார்டின் ஏழாம் ஸ்வரம். பாட்டின் ஏக்கம் அந்த ஒரு தேர்விலேயே தொடங்கிவிடுகிறது. இரண்டாம் பாரில் பி ஃபிளாட் மைனர் 7, ஈ ஃபிளாட் 7. இவை ஏ ஃபிளாட்டுக்குச் செல்லும் டூ–ஃபைவ். மூன்றாம் பாரில் ஏ ஃபிளாட் வந்துசேர்கிறது. இதுவரை மூன்று பார், பயணம் ஒன்றே.

நான்காம் பார்தான் ரசிக்க வேண்டிய இடம். ஏ ஃபிளாட் மேஜர் திடீரென ஏ ஃபிளாட் மைனர் 7 ஆகிறது. தொடர்ந்து டி ஃபிளாட் 7. விதிப்படி இது ஜி ஃபிளாட்டுக்குப் போக வேண்டிய டூ–ஃபைவ். போவதோ ஆதாரமான ஈ ஃபிளாட்டுக்கு. இதை ஜாஸ் கலைஞர்கள் ‘பேக்டோர்’, பின்வாசல் வழி, என்று அழைக்கிறார்கள். இது எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பெயர்களில் தேடாமல் ஸ்வரங்களில் தேட வேண்டும். ஏ ஃபிளாட் மேஜரின் மூன்றாம் ஸ்வரம் சி. மைனர் ஆனதும் அது சி ஃபிளாட். ஈ ஃபிளாட் கார்டில் அதுவே பி ஃபிளாட். சி, சி ஃபிளாட், பி ஃபிளாட் என ஒரே இழை செமிடோன் செமிடோனாக இறங்கி வீடு சேர்கிறது. மேலும், வழக்கமான டாமினன்டான பி ஃபிளாட் 7உடன் அதன் ஃபிளாட் ஒன்பதாம் ஸ்வரத்தையும் சேர்த்தால் பி ஃபிளாட், டி, எஃப், ஏ ஃபிளாட், சி ஃபிளாட் என்று ஐந்து ஸ்வரங்கள். இவற்றில் எஃப், ஏ ஃபிளாட், சி ஃபிளாட் மூன்றும் டி ஃபிளாட் 7இலும் இருக்கின்றன. வாசல் வேறாக இருந்தாலும் உள்ளே நுழையும் ஸ்வரங்கள் பெரும்பாலும் பழையவையே. மனோதர்மத்தில் இந்த நான்காம் பாரில் சி ஃபிளாட்டைத் தொடாமல் போகிறவர் பாட்டின் இதயத்தைத் தாண்டிப் போகிறார்.

ஐந்து முதல் எட்டு வரையான பார்களில் கார்டுகள் அடர்த்தியாகத் தெரியும்: ஈ ஃபிளாட், சி மைனர் 7, எஃப் மைனர் 7, பி ஃபிளாட் 7, ஜி மைனர் 7, சி7, மீண்டும் எஃப் மைனர் 7, பி ஃபிளாட் 7. ஆதாரத்தைச் சுற்றிவந்து அங்கேயே திரும்பும் சுழல் இது. எட்டுப் பெயர்களையும் ஈ ஃபிளாட் மேஜர் என்ற ஒரே இடமாக எண்ணி வாசிக்கலாம். சி7இல் வரும் ஈ மட்டுமே வெளியூர் ஸ்வரம்.

இனி கடினமான பாட்டு. ஜானி கிரீன் இசையமைத்து 1930இல் வெளியான ‘பாடி அண்ட் சோல்’ ஜாஸ் வரலாற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்ட பேலட்டுகளில் ஒன்று. அதற்குக் காரணம் ஒரு பதிவு. ஐரோப்பாவில் ஐந்தாண்டு வாழ்ந்துவிட்டு 1939இல் நியூயார்க் திரும்பிய டெனர் சாக்ஸபோன் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ், அக்டோபர் 11 அன்று புளூபேர்ட் நிறுவனத்துக்காக இதைப் பதிவுசெய்தார். சுமார் மூன்று நிமிடம். இரண்டு கோரஸ், 64 பார். முதல் சில பார்களில் மட்டுமே மெட்டின் நிழல் தெரிகிறது. அதன்பின் கடைசிவரை ஹாக்கின்ஸ் மெட்டுக்குத் திரும்பவே இல்லை. கார்டுகளின் தர்க்கம் ஒன்றையே பிடித்துக்கொண்டு வாசித்த அந்த இசைத்தட்டு மக்களிடமும் பெரும் வெற்றி பெற்றது.

பாட்டின் ஆதாரம் டி ஃபிளாட் மேஜர். ஆனால் ஏ பகுதி ஆதாரத்தில் தொடங்குவதில்லை. இரண்டாம் கார்டான ஈ ஃபிளாட் மைனர் 7இல் தொடங்குகிறது. உடனே பி ஃபிளாட் 7 வருகிறது, ஈ ஃபிளாட் மைனருக்குத் திருப்பி அனுப்பும் டாமினன்டாக. ஆக முதல் பாரும் இரண்டாம் பாரின் தொடக்கமும் ஒரே இடத்தில் அசைந்தாடுபவை. இங்கே ஈ ஃபிளாட் ஹார்மோனிக் மைனர் ஸ்கேல் இயல்பாக அமர்கிறது. கர்நாடக இசை அறிந்தவர் அதே ஸ்வரக் கூட்டத்தைக் கீரவாணி என்று அறிவார்.

இரண்டாம் பாரின் பிற்பாதியில் பல தாள்களில் டி7 என்று எழுதியிருக்கும். டி ஃபிளாட் மேஜரில் டி7க்கு என்ன வேலை என்று தோன்றும். எதிர்பார்க்கப்படும் டாமினன்ட் ஏ ஃபிளாட் 7. அதன் மூன்றாம் ஸ்வரம் சி, ஏழாம் ஸ்வரம் ஜி ஃபிளாட். டி7இன் மூன்றாம் ஸ்வரம் எஃப் ஷார்ப், ஏழாம் ஸ்வரம் சி. எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் பியானோவில் ஒரே கட்டை. அதாவது இரண்டு கார்டுகளுக்கும் வழிகாட்டி ஸ்வரங்கள் ஒன்றே. மூன்றாவதும் ஏழாவதும் இடம் மாறிக்கொண்டன, அவ்வளவே. டிரைடோன் ஆக்டேவைச் சரிபாதியாகப் பிரிப்பதால்தான் இந்த மாற்றம் சாத்தியமாகிறது. தலைகீழாகப் புரட்டினாலும் டிரைடோன் டிரைடோனாகவே இருக்கும். வேறெந்த இடைவெளிக்கும் ஆக்டேவுக்குள் இந்தப் பண்பு இல்லை. இதற்கு டிரைடோன் மாற்று என்று பெயர். பேஸில் மட்டும் விளைவு வேறு: ஈ ஃபிளாட், டி, டி ஃபிளாட் என்று செமிடோன் படிகளில் இறங்குகிறது. டி7இன் மேல் வாசிக்க லிடியன் டாமினன்ட் ஸ்கேல் பொருந்தும். வாசஸ்பதி மேளத்தின் ஸ்வரங்கள் அவை. அதில் வரும் ஷார்ப் நான்காம் ஸ்வரம் ஜி ஷார்ப், அதாவது ஏ ஃபிளாட். மாற்றப்பட்ட கார்டின் ஆதார ஸ்வரமே அந்த நிறமாகத் திரும்பி வருகிறது.

மூன்றாம் பாரில் ஆதாரமான டி ஃபிளாட் ஒருவழியாக வருகிறது. உடனே ஜி ஃபிளாட் 7. இதை எஃப் மைனருக்கு அனுப்பும் சி7இன் டிரைடோன் மாற்றாகப் படிக்கலாம். நான்காம் இடத்துக் கார்டில் ப்ளூஸ் நிறம் ஏறியதாகவும் படிக்கலாம். இரண்டு படிப்பும் வாசிக்கக்கூடியவை. இரண்டாவதே காதுக்கு இதமாக இருக்கிறது.

நான்காம் பாரில் எஃப் மைனர் 7, ஈ டிமினிஷ்ட் 7. ஐந்தாம் பாரில் ஈ ஃபிளாட் மைனர் 7. நடுவில் உள்ள டிமினிஷ்ட் கார்டுக்குப் பாடநூல்கள் பலவகையான பெயர் சூட்டும். ஸ்வரங்களை எழுதிப் பார்த்தால் போதும். ஈ டிமினிஷ்டில் ஈ, ஜி, பி ஃபிளாட், டி ஃபிளாட். ஈ ஃபிளாட் மைனர் 7இல் ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட், டி ஃபிளாட். இரண்டு ஸ்வரங்கள் அப்படியே நிற்கின்றன. மற்ற இரண்டும் ஆளுக்கொரு செமிடோன் இறங்குகின்றன. இதைவிடச் சுருக்கமான பாதை இல்லை. இந்தக் கார்டு தானாக எதையும் அறிவிப்பதில்லை, இணைக்கிறது. எனவே அதன் மேல் எட்டு ஸ்வர டிமினிஷ்ட் ஸ்கேல் முழுவதையும் கொட்டுவதைவிட, ஜி என்ற ஒரு ஸ்வரத்தை வைத்து அதை ஜி ஃபிளாட்டுக்கு இறக்குவது நேர்த்தியானது.

ஆறாம் பாரில் சி ஹாஃப் டிமினிஷ்ட், எஃப்7. இவை பி ஃபிளாட் மைனருக்குப் போகும் மைனர் டூ–ஃபைவ். சி ஹாஃப் டிமினிஷ்டின் ஸ்வரங்கள் சி, ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட். முந்தைய பாரின் ஈ ஃபிளாட் மைனரில் இருந்த ஈ ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட் மூன்றும் இதற்குள்ளேயே இருக்கின்றன. பேஸ் மட்டும் ஈ ஃபிளாட், டி ஃபிளாட், சி என்று கீழே நடந்திருக்கிறது. ஏழாம் பார் நெருக்கடியானது. பி ஃபிளாட் மைனர் 7, ஈ ஃபிளாட் 7, ஈ ஃபிளாட் மைனர் 7, ஏ ஃபிளாட் 7 என்று ஒரு பாரில் நான்கு கார்டு. இவற்றில் கேட்பவர் காதில் விழ வேண்டிய மாற்றம் ஒன்றே ஒன்று: ஈ ஃபிளாட் 7இல் உள்ள ஜி, ஈ ஃபிளாட் மைனரில் ஜி ஃபிளாட் ஆகிறது. எட்டாம் பாரில் டி ஃபிளாட்.

பதினாறு கார்டுகளைச் சேருமிடங்களாகச் சுருக்கினால் கிடைப்பது: ஈ ஃபிளாட் மைனர், டி ஃபிளாட், மீண்டும் ஈ ஃபிளாட் மைனர், பி ஃபிளாட் மைனர், டி ஃபிளாட். ஐந்து இடங்கள்.

பிரிட்ஜில் பாட்டு டி மேஜருக்குத் தாவுகிறது. டி ஃபிளாட்டுக்கு ஒரு செமிடோன்தான் மேலே. ஆனால் ஸ்வரக் கூட்டத்தில் எவ்வளவோ தூரம். ஐந்து ஃபிளாட் கொண்ட சுருதியிலிருந்து இரண்டு ஷார்ப் கொண்ட சுருதிக்கு மாற்றம். டெனர் சாக்ஸபோனுக்கு எழுதும் சுருதி ஒலிக்கும் சுருதியைவிட முழு ஸ்வரம் மேலே இருக்கும் என்பதால், ஹாக்கின்ஸின் விரல்களுக்கு இது ஈ ஃபிளாட்டிலிருந்து ஈ மேஜருக்குப் போகும் பயணம், நான்கு ஷார்ப். முதல் நான்கு பார்கள் டி மேஜருக்குள்ளேயே சுற்றுகின்றன. ஐந்தாம் பாரில் டி மேஜர் 7 இருந்த இடத்தில் டி மைனர் 7 வருகிறது. எஃப் ஷார்ப் எஃப் ஆகிறது, சி ஷார்ப் சி ஆகிறது. டியும் ஏயும் நிற்கின்றன. இதே டி மைனர் 7 சி மேஜரின் ‘டூ’ ஆகிவிடுவதால், காது அறியுமுன் பாட்டு சி மேஜருக்குள் நுழைந்துவிடுகிறது. வீடு என்று இருந்த ஒரு ஸ்வரம் வாசலாக மாறும் இந்த உத்தி பேலட்டுகளில் அடிக்கடி வரும். லீட் ஷீட்டில் ஒரு மேஜர் 7 கார்டைத் தொடர்ந்து அதே ஸ்வரத்தின் மைனர் 7 வந்தால், சுருதி முழு ஸ்வரம் இறங்கப் போகிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

எட்டாம் பாரில் சி7, பி7, பி ஃபிளாட் 7 என்று சறுக்கிக்கொண்டு கடைசி ஏ பகுதியின் ஈ ஃபிளாட் மைனருக்குள் விழுகிறது. இதன் உள்ளமைப்பு ஐந்தாம் இடைவெளிகளில் இறங்கும் சி7, எஃப்7, பி ஃபிளாட் 7 என்ற பழைய சங்கிலிதான். நடுவில் உள்ள எஃப்7க்குப் பதில் அதன் டிரைடோன் மாற்றான பி7. இரண்டு வடிவங்களிலும் வழிகாட்டி ஸ்வரங்கள் அச்சு மாறாமல் ஒன்றே: ஈயும் பி ஃபிளாட்டும், ஈ ஃபிளாட்டும் ஏயும், டியும் ஏ ஃபிளாட்டும்.

ஹாக்கின்ஸ் இந்த அமைப்பை வாசித்த விதம் ‘செங்குத்து’ வாசிப்பு எனப்படுகிறது. ஒவ்வொரு கார்டின் ஸ்வரங்களையும் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழும் விரித்து, அருகருகே உள்ள செமிடோன்களால் அவற்றைத் தைத்துக்கொண்டே போகிறார். சிறுவயதில் பியானோவும் செல்லோவும் கற்ற பின்னணி அதில் தெரிகிறது. அவர் காலத்தின் மற்றொரு பெரும் டெனர் கலைஞர் லெஸ்டர் யங் போனது மறுதிசையில். பல கார்டுகளை ஒரே சுருதியாகக் கருதி, அவற்றுக்குக் குறுக்கே நீண்ட மெட்டு ஒன்றை மிதக்கவிடுவது அவர் வழி. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கும் பகுப்பாய்வு வேண்டும். எந்தக் கார்டுகளைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகலாம் என்று தெரிந்தவர்தான் யங்கைப் போல் வாசிக்க முடியும். ‘மிஸ்டி’யின் ஐந்து முதல் எட்டு வரையான பார்களைக் கடந்துபோகலாம். நான்காம் பாரைக் கடக்க முடியாது.

ஸ்கேல்களின் இடம் இதற்குப் பிறகே வருகிறது. கார்டுக்கு ஸ்கேல் பொருத்தும் சிந்தனையை முறைப்படுத்தியவர்களில் ஜார்ஜ் ரஸல் முக்கியமானவர்; அவருடைய லிடியன் கோட்பாடு 1953இல் வெளிவந்தது. மேஜர் 7க்கு அயோனியன் அல்லது லிடியன், மைனர் 7க்கு டோரியன், டாமினன்டுக்கு மிக்ஸோலிடியன் என்ற பொருத்தம் இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. ஸ்வரக் கூட்டமாக மட்டும் பார்த்தால் இவை முறையே சங்கராபரணம், கல்யாணி, கரகரப்ரியா, ஹரிகாம்போதி. ஒப்புமை அந்த அளவோடு நின்றுவிடும். ராகத்தில் சட்ஜம் கடைசிவரை அசைவதில்லை. கமகமும் பிடிகளும்தான் ராகத்தை ராகமாக்குகின்றன. டூ–ஃபைவ்–ஒன்னில் ஸ்வரக் கூட்டம் அசையாமல் நிற்க, கார்டின் ஆதாரம் இருமுறை இடம் மாறுகிறது. சி மேஜரின் அதே ஏழு ஸ்வரங்கள்தான் மூன்று கார்டுகளுக்கும். எந்த நொடியில் எந்த ஸ்வரத்தில் நிற்பது என்பது மட்டுமே மாறும். ஸ்கேல் பெயர்களை மனப்பாடம் செய்தவர் இந்த நிற்கும் இடத்தைத் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எல்லாப் பேலட்டுகளும் டூ–ஃபைவ்களால் ஆனவை அல்ல. ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் 1937இல் அமைத்த ‘மை ஃபன்னி வாலன்டைன்’ சி மைனரில் தொடங்குகிறது; கார்டு பெயர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் நடப்பது ஒரே ஓர் இழையின் இறக்கம்: சி, பி, பி ஃபிளாட், ஏ, ஏ ஃபிளாட். அந்த இழையைப் பிடித்தவருக்கு முதல் ஐந்து பார்கள் வசப்பட்டன. ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவுசெய்த ‘நைமா’வில் பேஸ் அசைவதே இல்லை. ஏ பகுதியில் ஈ ஃபிளாட், பிரிட்ஜில் பி ஃபிளாட் என்று ஒரே ஸ்வரம் தம்புராவைப் போல் ஒலித்துக்கொண்டிருக்க, மேலே கார்டுகள் நிறம் மாறுகின்றன. அங்கே ‘எங்கே போகிறது’ என்ற கேள்விக்குப் பதிலாக, நிலையான ஸ்வரத்திலிருந்து இந்தக் கார்டு எவ்வளவு விலகி நிற்கிறது என்று கேட்பதே பொருந்தும்.

அதே கோல்ட்ரேன் 1960இல் ‘பாடி அண்ட் சோல்’லைப் பதிவுசெய்தபோது பாட்டின் உடலையே மாற்றினார். ஏ பகுதிக்கு அடியில் அசையாத பேஸ் ஸ்வரத்தை வைத்தார். பிரிட்ஜில், ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பாட்டில் கையாண்ட முறையைக் கொண்டுவந்தார்: ஆக்டேவை நான்கு நான்கு செமிடோன்களாக மூன்று பங்காகப் பிரித்து, மூன்று சுருதி மையங்களுக்கும் தாவிச் சுற்றிவருவது. ‘கோல்ட்ரேன்ஸ் சவுண்ட்’ என்ற அந்தத் தொகுப்பு 1964இல் வெளிவந்தது. பாட்டு அடையாளம் இழக்கவில்லை, ஏனெனில் சேருமிடமான டி மேஜரை அவர் விட்டுவிடவில்லை. போகும் வழியை மட்டுமே மாற்றினார்.

இவ்வளவையும் மேடையில் நின்றபடி யோசிக்க முடியாது, யோசிக்கவும் கூடாது. மனிதரின் உடனடி நினைவில் ஒரே நேரத்தில் ஏழு அலகுகள் அளவே தங்கும் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். எண்ணிக்கையைப் பற்றிப் பிற்கால ஆய்வாளர்கள் வேறுபட்டாலும், சிறு அலகுகளைத் தொகுத்துப் பெரிய அலகாக்கினால் நினைவின் சுமை குறைகிறது என்ற அவருடைய கருத்து நிலைத்துவிட்டது. பகுப்பாய்வு செய்வது இந்தத் தொகுப்பு வேலையைத்தான், வீட்டில், அவசரமில்லாமல். சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் ஆறு தொழில்முறை ஜாஸ் பியானோ கலைஞர்கள் எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி சிறிய கீபோர்டில் வாசித்தார்கள். மனப்பாடமான இசையை வாசித்தபோது இருந்ததைவிட மனோதர்மத்தின்போது மூளையின் முன்பகுதியில், தன்னைத் தானே கண்காணித்துத் திருத்தும் வேலையோடு தொடர்புடைய பக்கவாட்டுப் பகுதிகள் அடங்கியும், நடுப்பகுதி தூண்டப்பட்டும் இருந்தன. ஆறே பேரிடம் செய்த ஆய்வு என்பதால் அதை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அனுபவமுள்ள கலைஞர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது: கணக்கு முன்பே முடிந்திருந்தால் வாசிக்கும்போது அது குறுக்கிடாது.

பயிற்சியின் வரிசையும் இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் மெட்டைத் தாள் பார்க்காமல் பாட வேண்டும். அடுத்து பேஸ் ஸ்வரங்களை மட்டும் பாட வேண்டும். பிறகு கார்டுக்கு ஒரே ஸ்வரம் என்ற கட்டுப்பாட்டோடு, மூன்றாவதையோ ஏழாவதையோ பிடித்து, அருகிலுள்ள ஸ்வரத்துக்கே நகர்ந்து ஒரு கோரஸ் முழுக்கப் பாட வேண்டும். அந்த மெல்லிய இழை ஏற்கெனவே ஒரு நல்ல மெட்டாக ஒலிப்பதைக் காணலாம். அதைச் சுற்றி மேலும் கீழுமுள்ள செமிடோன்களைச் சேர்த்தால் அலங்காரம் வந்துவிடும். கடைசியில்தான் வேகம். பேலட்டில் கலைஞர்கள் அவ்வப்போது இரட்டிப்பு வேகத்தில் வாசிப்பார்கள். கார்டுகள் மாறும் நேரம் மாறாது, ஸ்வரங்கள் மட்டும் இருமடங்காகும். வழிகாட்டி இழை உறுதியாக இல்லாதவர் அந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்.

கையிலுள்ள தாள் இறுதியானதல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். 1970களில் பாஸ்டனின் பெர்க்லீ மாணவர்கள் தொகுத்த ‘ரியல் புக்’ உலகெங்கும் பரவியிருந்தாலும், ஒவ்வொரு பியானோ கலைஞரும் தமக்குப் பிடித்த கார்டுகளையே வாசிக்கிறார். ‘பாடி அண்ட் சோல்’லின் இரண்டாம் பாரில் ஒருவர் டி7 வைப்பார், இன்னொருவர் ஏ ஃபிளாட் 7 வைப்பார். முன்பின் அறிமுகமில்லாத சாக்ஸபோன் கலைஞர் அங்கே சியையும் ஜி ஃபிளாட்டையும் பிடித்துக்கொண்டு, அடுத்த பாரில் ஜி ஃபிளாட்டை எஃப்புக்கு இறக்கினால், பியானோ எந்தக் கார்டைத் தேர்ந்திருந்தாலும் அது பொருந்தும்.